மீதி ரெண்டு பேரு எங்க?

(சானமாவில், மாலை வகுப்பு நடத்தும் தோழர்கள் கூடியபோது பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன கூட்டத்தில் ஒரு தோழர் என்னைக் கேட்டார்: "ஒண்ணாவதுலேருந்து எட்டாவது வரைக்கும் படிக்கிற புள்ளைங்களுக்கு அமெரிக்க வரலாறு எதுக்குங்க? வெண்மணி தெரியுமா அதுங்களுக்கு? மேலவளவு தெரியுமா? நம்ம தாத்தன் கதையே தெரியாத புள்ளைக்கு ஆபிரகாம் லிங்கன் கதை எதுக்கு?" நியாயமான கேள்விதான். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சிப்ட் முடித்து ஓடி வந்திருந்தேன், தூக்கம் கண்ணைக் கட்டியது. இன்றைக்கு என் பேச்சே அந்தக் கேள்விக்குப் பதில்தான். முழுப் பதிலாக இருக்காது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியர் பயிற்சி எடுத்தவன் இல்லை. ஐ.டி.ஐ. பிட்டர். ஒரு கம்பெனியில் காண்டிராக்டில் இருக்கிறேன். முதல் சிப்ட் வரும் வாரங்களில் மாலை வகுப்பு எடுக்கிறேன், மற்ற வாரம் ஒரு தங்கை பார்த்துக்கொள்கிறாள். வகுப்பென்றால் காலனியில் ஒரு திண்ணை, ஒரு பல்பு, ஒரு கரும்பலகை. ஐப்பசி தாண்டினால் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஆனைக் கூட்டம் சானமாவு காட்டுக்கு வந்துவிடும். ராகியும் தக்காளியும் இருக்கும்வரை இந்தப் பக்கத்தைவிட்டுப் போகாது. அந்த மாதங்களில் ஐந்தரைக்கு வகுப்பு முடிந்தாக வேண்டும். எங்கள் பாடத்திட்டத்தை வகுப்பது அரசு இல்லை, ஆனைதான்.

அமெரிக்காவை நான் தேடிப் போகவில்லை. அது ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தின் வழியாக வந்தது. சமூக அறிவியலில் 'புரட்சிகளின் காலம்' என்று ஒரு பாடம், அமெரிக்க விடுதலைப் போரும் பிரெஞ்சுப் புரட்சியும். ஒரு பையன் அதைத் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். 1773 பாஸ்டன் தேநீர், 1776 ஜூலை 4 சுதந்திரப் பிரகடனம், எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள். பக்கத்தில் ஸ்லேட்டு வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நாலாம் வகுப்புப் பெண் தலையைத் தூக்கினாள்.

"அண்ணா, அங்க காலனி இல்லியா?"

நான் இருக்கு என்றேன். காலனி என்று பேர் இல்லை, வேறு பேர். அந்தப் பிரகடனத்தை எழுதின ஜெபர்சன் தன் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்குச் சொந்தக்காரர் என்றேன். அவள் கேட்டாள்: "எழுதுனப்ப அவங்களுக்குத் தெரியாதா?" யாருக்கு, அடிமைகளுக்கா ஜெபர்சனுக்கா என்று நான் கேட்கவில்லை. இரண்டுமே நல்ல கேள்வி. அன்று ஆரம்பித்தது.

இங்கே ஒரு விஷயம். வரலாறு என்றாலே எங்கோ டில்லியில், லண்டனில் நடந்தது என்ற நினைப்பு நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அமெரிக்கா என்றால் அதைவிட தூரம். அதனால் நான் வாசலிலிருந்து ஆரம்பித்தேன். ஓசூரிலிருந்து சானமாவு வழியாக இராயக்கோட்டைக்குப் போகும் இந்த ரோடு. 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுன் என்ற ஊரில் பிரிட்டிஷ் படை ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்தது. தளபதி பேர் கார்ன்வாலிஸ். வாளை ஒப்படைக்க அந்த ஆள் நேரில் வரவில்லை, உடம்பு சரியில்லையென்று சொல்லி அடுத்த அதிகாரியை அனுப்பினார். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. பரீட்சைக்கு வயிற்றுவலி சொல்கிற சாதி என்றான் ஒருவன். தோற்ற ஆளை வீட்டுக்கு அனுப்பவில்லை. 1786இல் கவர்னர் ஜெனரல் ஆக்கி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 1791இல் அதே கார்ன்வாலிஸ் திப்புவோடு சண்டைக்கு வந்தபோது ஓசூர்க் கோட்டையும் இராயக்கோட்டையும் அவர் படை கையில் விழுந்தன. 1792 சீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் பாரமகால் கம்பெனிக்குப் போனது. அமெரிக்காவில் விட்டதை இங்கே பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் ராக்கெட்டை 1799க்குப் பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துத்தான் காங்கிரீவ் என்பவர் தன் ராக்கெட்டைச் செய்தார். 1814இல் அதை பால்டிமோர் கோட்டை மேல் விட்டார்கள். அதைப் பார்த்து ஒருவர் எழுதின பாட்டுதான் இன்றைக்கு அமெரிக்க தேசிய கீதம். அதில் அந்த ராக்கெட் வெளிச்சம் வருகிறது. எழுதின பிரான்சிஸ் ஸ்காட் கீயும் அடிமைகளை வைத்திருந்தவர். இந்தக் கதையைக் கேட்ட பிறகு எங்கள் பையன்களுக்கு அமெரிக்கா தூரமில்லை. ஆனால் இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது தோழர்களே. நம் மண், நம் ராக்கெட், நம் திப்பு என்று பெருமை பேசி முடித்துவிடலாம். அந்தப் படைக்குத் தோல் பதனிட்டவன் யார், கோட்டைக்குக் கல் சுமந்தவன் யார், அவனுக்குக் கோட்டைக்குள் தண்ணீர் கொடுத்தார்களா என்று கேட்காவிட்டால் அது நம் வரலாறு ஆகாது.

அடுத்தது கணக்குப் பாடம். 1787இல் அமெரிக்க அரசியல் சட்டம் எழுதும்போது ஒரு பேரம் நடந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் மக்கள்தொகையை வைத்துத்தான் சபையில் இடம். தெற்கத்திப் பண்ணையார்கள், எங்கள் அடிமைகளையும் தலைக்கணக்கில் சேருங்கள் என்றார்கள். வடக்கத்தியார், ஓட்டு இல்லாதவனை எப்படி எண்ணுவது என்றார்கள். கடைசியில் ஐந்தில் மூன்று பங்கு என்று முடிவானது. ஐந்து அடிமைகள் இருந்தால் மூன்று பேர் என்று கணக்கு. பின்னம் நடத்துவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. பலகையில் ஐந்து கோடு போட்டேன். மூன்றைச் சுற்றி வட்டம் போட்டேன்.

"மீதி ரெண்டு பேரு எங்க அண்ணா?" என்று கேட்டான் ஒரு மூணாம் வகுப்புப் பையன்.

இந்தக் கேள்விக்கு எந்தப் பேராசிரியர் பதில் சொல்வார்? நான் சொன்னேன்: "அந்த மூணு பேரும் கூட இல்லடா. அந்த மூணு பேரோட பலத்துல பண்ணையார் போய்ச் சபையில உக்காந்துக்கிட்டான்." பெரிய பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் 1910ஐப் பற்றிச் சொன்னேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் கெய்ட் ஒரு சுற்றறிக்கை விட்டார்: கோயிலுக்குள் விடப்படாதவர்களை, பிராமணப் புரோகிதர் வராதவர்களை இந்துக்களோடு சேர்த்து எண்ணலாமா என்று. உடனே எவ்வளவு கூச்சல் எழுந்தது! அதுவரை நம் நிழலுக்கே தீட்டு என்றவர்களுக்குத் திடீரென்று நம்மேல் சகோதரப் பாசம் பொங்கிவிட்டது. எண்ணிக்கைக்கு நாம் வேண்டும், கோயிலுக்கு வேண்டாம். 1932இல் புனாவில் இரட்டை ஓட்டைப் பறிகொடுத்தோமே, அதற்குப் பின்னால் இருந்ததும் இந்த எண்ணிக்கைக் கவலைதான். அமெரிக்காக்காரன் ஐந்தில் மூன்று என்று வெளிப்படையாக எழுதி வைத்தான். இங்கே எழுதாமல் நடத்தினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டம் பேசி வேலைக்காகாது. கதை வேண்டும். பிரெடரிக் டக்ளஸ் கதையைச் சொல்லிப் பாருங்கள், ஒரு பிள்ளை எழுந்து போகாது. அடிமைக் குழந்தை. பால்டிமோரில் எஜமானி அம்மாள் அவனுக்கு ஏ, பி, சி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். எஜமானன் தடுத்துவிட்டான். படித்துவிட்டால் இவன் அடிமையாக இருக்க மாட்டான் என்பது அவன் வாதம். டக்ளஸ் பிற்காலத்தில் எழுதுகிறார், அந்த வார்த்தைதான் தனக்கு வழி காட்டியது என்று. எது தனக்குக் கூடாது என்று எதிரி சொல்கிறானோ அதில்தான் சாவி இருக்கிறது. அப்புறம் அவன் என்ன செய்தான்? வீட்டிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் பசியோடு திரியும் ஏழை வெள்ளைப் பையன்களிடம் கொடுப்பான். ரொட்டிக்குப் பதில் அவர்கள் எழுத்து சொல்லித்தர வேண்டும். 1838இல் மாலுமி உடை போட்டு, இரவல் வாங்கிய காகிதத்தோடு ரயிலேறித் தப்பினார். 1845இல் புத்தகம் எழுதினார்.

தென் கரோலினாவில் 1740லேயே அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் அபராதம் என்று சட்டம் இருந்தது என்றேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "காதுல ஈயம் ஊத்துற கதை மாதிரியே இருக்குண்ணா" என்றான். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனாகச் சேர்த்துக்கொண்டான். இதைத்தான் அந்தத் தோழருக்குச் சொல்ல வந்தேன்.

நம் கதையை நேராகச் சொன்னால் நம் பிள்ளை தலையைக் குனிகிறது. இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். நான் அம்மா பிறந்த ஊரில் தங்கிப் படித்தேன். ஊர்ப் பேர் வேண்டாம், பள்ளிப் பேரும் வேண்டாம். தண்ணீர்ப் பானைக்கு அருகே எங்கள் தெருப் பிள்ளைகள் போகக்கூடாது, வேறு பையன் ஊற்றுவான், கையேந்திக் குடிக்க வேண்டும். அம்பேத்கர் சின்ன வயதில் கோணிப்பையைக் கொண்டுபோய் உட்கார்ந்தார், பியூன் வராத நாளில் தாகத்தோடு இருந்தார் என்ற பாடத்தை அதே பள்ளியில் நடத்தினார்கள். ஆசிரியர் வாசிக்க வாசிக்க வகுப்பு முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கோபம் வந்ததா? இல்லை. வெட்கம் வந்தது. பாடம் சீக்கிரம் முடியட்டும் என்று இருந்தது. அந்த வெட்கம் யாருடையது என்று தெரிய எனக்கு முப்பது வயது ஆனது. ஆனால் கறுப்பின மக்களின் கதையை முதலில் சொல்லும்போது நம் பிள்ளை வெட்கப்படாமல் கேட்கிறது. கோபப்படுகிறது. நியாயம் பேசுகிறது. அந்த நியாயத்தோடு நம் கதைக்குள் வரும்போது தலை நிமிர்ந்து வருகிறது. இது நான் கண்டுபிடித்தது இல்லை. பூலே 1873இல் 'குலாம்கிரி' எழுதியபோது அதை யாருக்குக் காணிக்கையாக்கினார்? நீக்ரோ அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு. அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், உங்கள் மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகல் வேண்டும் என்று. 1972இல் மராட்டியத்தில் தலித் பேந்தர்ஸ் எங்கிருந்து பேரெடுத்தார்கள்? தமிழில் 1982இல் இந்திரன் 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்' கொண்டுவந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் போனால் நான் என்னவோ பெரிய வாத்தியார் மாதிரி ஆகிவிடும்.

ரோசா பார்க்ஸ் பாடம். 1955 டிசம்பர் 1, மாண்ட்காமரி, பஸ்ஸில் எழுந்திருக்க மாட்டேன் என்றது. நாடகமாகப் போடலாம் என்று நினைத்தேன். நாலு பெஞ்சைப் போட்டு பஸ் ஆக்கினேன். டிரைவராக ஒரு பையன், போலீசாக ஒருவன். ரோசா பார்க்ஸாக யார் என்று பார்த்தேன். கூட்டத்தில் நல்ல கறுப்பாக இருந்த ஆறாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டு, நீ வா என்றேன். யோசிக்கவே இல்லை. கை தானாக அவள் பக்கம் நீண்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் வந்து உட்கார்ந்தாள். டிரைவர் பையன் "எந்திரி" என்று கத்தினபோது அவள் எழுந்தாள். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வாரம் வகுப்புக்கு வரவில்லை.

நான் என்ன செய்தேன்? விடுதலைப் பாடம் நடத்துகிறேன் என்று சொல்லி, நிறத்தை வைத்து ஒரு பிள்ளையைப் பொறுக்கி எடுத்தேன். நமக்குள்ளேயே இருக்கிற சிவப்பு-கறுப்பு புத்தியை, மாப்பிள்ளை பார்க்கிற புத்தியை அப்படியே திண்ணைக்குக் கொண்டு வந்தேன். அவள் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, அவள ஊர்ல கருவாச்சின்னு கூப்புடறாங்க. இங்கயாவது கூப்புட மாட்டாங்கன்னு அனுப்புனேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பிற்பாடு தெரிந்துகொண்டேன். அமெரிக்காவிலேயே இந்தத் தவறு நடக்கிறது. 2019இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில், கறுப்பினக் குழந்தைகளை அடிமைகளாக நிறுத்தி ஏலம் விடுவதுபோல் நடிக்க வைத்தார் ஒரு ஆசிரியர். மாநில அட்டர்னி ஜெனரல் விசாரித்து நடவடிக்கை எடுக்கும் அளவுக்குப் போனது. ஒடுக்குமுறையை நடித்துக் காட்டச் சொன்னால், தினமும் அதை அனுபவிக்கிற பிள்ளைக்கு அது நடிப்பு இல்லை. இப்போதெல்லாம் நாங்கள் பஸ்ஸில் நடந்ததை நடிப்பதில்லை. பஸ்ஸுக்குப் பிறகு நடந்ததைக் கணக்குப் போடுகிறோம். 381 நாள் கறுப்பின மக்கள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். சமையல் வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிற பெண்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கலாம்? கார் வைத்திருந்தவர்கள் எப்படி முறைவைத்து ஏற்றிப்போனார்கள்? ஒரு தனிப் பெண் களைத்துப்போய் உட்கார்ந்த கதையாக அதைச் சொல்வது மோசடி. ரோசா பார்க்ஸ் ஏற்கனவே கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் அந்த ஊர்க் கிளையில் செயலாளர். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே பதினைந்து வயதுப் பள்ளி மாணவி கிளாடெட் கால்வின் அதே ஊரில் அதே காரியத்தைச் செய்து கைதானாள். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்ன நாளில், அந்த ஆறாம் வகுப்புப் பெண் திரும்பி வந்திருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேரை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ரூபி பிரிட்ஜஸ் கதை இன்னும் கிட்டத்தில் வருகிறது. 1960 நவம்பர் 14, நியூ ஆர்லியன்ஸ். ஆறு வயதுப் பெண் வெள்ளையர் பள்ளிக்குள் போகிறாள், முன்னே இரண்டு பின்னே இரண்டு மத்திய அரசு மார்ஷல்கள். வெள்ளைப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பார்பரா ஹென்றி என்ற ஒரே ஒரு ஆசிரியை, ஒரே ஒரு மாணவிக்கு வருடம் முழுக்கப் பாடம் நடத்தினார். இதைச் சொல்லிவிட்டு 2018 ஜூலைக்கு வந்தேன். திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில் ஒரு அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர்கள் பள்ளியைப் பூட்டினார்கள், பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றார்கள். எங்கள் பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். "அங்க மார்ஷல் வந்தாங்களாண்ணா?" வழக்குப் போட்டார்கள், அவரை அங்கேயே மீண்டும் வேலைக்கு அமர்த்தினார்கள் என்றேன். "சோறு சாப்புட்டாங்களா?" என்றாள் ஒருத்தி. பிள்ளைகளின் கேள்வி எப்போதும் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கும். சட்டம் வந்ததா என்று நாம் கேட்போம், சோறு சாப்பிட்டார்களா என்று அவர்கள் கேட்பார்கள்.

இன்னொரு அமெரிக்கரையும் சொல்லிவிடுகிறேன், இவர் நம் வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறார். ஆல்காட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைப் பக்கம் இருந்தவர், லிங்கன் கொலையை விசாரித்தவர்களில் ஒருவர். அவர்தான் 1894இல் அடையாறில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஆரம்பித்தார், பிறகு இன்னும் சில. 1898இல் அயோத்திதாசரோடு இலங்கைக்குப் போனவர். புகழ்பாடுவதற்காகச் சொல்லவில்லை. பிரம்மஞானசபைக்கு அதன் கணக்குகள் இருந்தன. ஆனால் சென்னைச் சேரிப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித் தந்த கதையில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஒரு நூல் ஓடுகிறது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? 1959இல் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு சக தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் அதிர்ச்சி, கொஞ்சம் கோபம்கூட. பிறகு யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் தீண்டப்படாதவன்தான் என்று ஒப்புக்கொண்டதாக அவரே 1965இல் அட்லாண்டா தேவாலயத்தில் பேசினார். பிள்ளைகளின் முன்னால் நடந்த விஷயம் இது. அந்தப் பிள்ளைகள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அமெரிக்காவில் இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2015இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பாடப்புத்தகம், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளை 'தொழிலாளர்கள்' என்று எழுதியது. ஒரு கறுப்பினத் தாய் தன் மகன் புத்தகத்தில் அதைப் பார்த்துக் கேள்வி எழுப்பினபிறகு பதிப்பகம் திருத்தியது. 2023இல் புளோரிடா மாநிலம் ஆறாவது முதல் எட்டாவது வரைக்கான பாடத்திட்டத்தில், அடிமைகள் கற்ற தொழில்திறன் சிலசமயம் அவர்களுக்கே நன்மையாக இருந்தது என்று சேர்த்தது. கேட்கும்போது ராஜாஜியின் 1953 குலக்கல்வித் திட்டம் நினைவுக்கு வருகிறதா, இல்லையா? காலையில் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள், உனக்கே நல்லது. 1954இல் காமராசர் அதை ஒழித்தார். புளோரிடாவுக்கு ஒரு காமராசர் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அதைவிட நமக்கு நேராகச் சம்பந்தப்பட்டது கலிபோர்னியா. 2005இல் அங்கே ஆறாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் பழங்கால இந்தியா பற்றிய பகுதியில் சாதியை மென்மையாக்க வேண்டும் என்று சில இந்து அமைப்புகள் திருத்தப் பட்டியல் கொடுத்தன. அமெரிக்காவில் இருக்கிற தலித் மக்களும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். 2006இல் மாநிலக் கல்வி வாரியம் பெரும்பாலான அந்தத் திருத்தங்களை ஏற்கவில்லை. பத்து வருடம் கழித்து 2016இல் அதே சண்டை மறுபடி. கடல்கடந்து போனவன் பெட்டியில் முதலில் எதை எடுத்து வைத்தான் பாருங்கள்! நம் நாட்டில்? தென் திருவிதாங்கூர் தோள்சீலைப் போராட்டம் ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் இருந்தது. 2016 கடைசியில் சி.பி.எஸ்.இ. அதைப் பரீட்சைக்கு வேண்டாம் என்றது. 2019இல் அந்த அத்தியாயமே புத்தகத்திலிருந்து போனது. அதே என்.சி.இ.ஆர்.டி.யின் 2007 ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் ஓம்பிரகாஷ் வால்மீகியின் பள்ளி அனுபவமும் ரோசா பார்க்ஸும் ஒரே பாடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அப்படி ஒரு பாடத்தை எழுத முடிந்திருக்கிறது. அது எந்தப் பள்ளிகளுக்குப் போனது என்பதுதான் விஷயம். ஓசூரில் வேன் வந்து ஏற்றிப்போகிற பிள்ளைகள் படித்தார்கள். ராகிக் காட்டைத் தாண்டி நடந்து போகிற நம் பிள்ளைகளின் புத்தகம் வேறு.

காலனியில் ஒரு பாட்டி என்னைக் கேட்டார். வீட்டில் தெலுங்குதான் பேசுவார், என்னிடம் தமிழில் கேட்டார்: "ஏம்ப்பா, அமெரிக்காக்காரன் கதையச் சொல்லி எங்க புள்ளைக்கு என்னா வரப்போவுது? கம்பெனியில வேலையா குடுப்பான்?" வேலை வராது ஆயா என்றேன். "அப்பறம்?" அப்போது நிலத்தைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். 1865 ஜனவரியில் ஷெர்மன் தளபதி ஒரு உத்தரவு போட்டார், விடுதலையான அடிமைக் குடும்பத்துக்குக் கடலோரத்தில் நாற்பது ஏக்கர் வரை நிலம். மக்கள் போய்க் குடியேறி உழுதும்விட்டார்கள். அதே வருடக் கடைசிக்குள் புது ஜனாதிபதி ஜான்சன் அதைப் பழைய பண்ணையார்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு வருடம்கூட நிற்கவில்லை. இதைப் பாட்டியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். "எங்களுக்கும் குடுத்தாங்கன்னு எங்க மாமனார் சொல்லுவாரு. காயிதம் இருந்துச்சு" என்றார்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பஞ்சமி நிலத்தைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டிருக்கிறோம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை, 1892 அரசாணை, பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்ற கணக்கு, 1994 அக்டோபரில் காரணையில் நடந்த துப்பாக்கிச்சூடு, ஜான் தாமஸ், ஏழுமலை. நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருக்கிறோம். இந்தப் பாட்டி வீட்டுக் கதவிலேயே ஒட்டியிருக்கிறோம். அப்போதெல்லாம் அவர் இதைச் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒரு கறுப்பினக் கிழவியின் நிலம் போன கதையைக் கேட்டபோதுதான் சொன்னார். இது பஞ்சமி நிலமா, வேறு ஒப்படைப்பு நிலமா, காகிதம் உண்மையா, அதில் என்ன எழுதியிருந்தது, ஒன்றும் இப்போது சொல்ல முடியாது. இந்தப் பக்கம் இன்று நிலம் விற்கிற விலையில் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். சிப்காட், லேஅவுட், கர்நாடகத்திலிருந்து வாங்க வருகிறவர்கள், எல்லாம் சேர்ந்து ரோட்டோரம் கல் நட்டுக்கொண்டே இருக்கிறது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஏழாவது எட்டாவது படிக்கிற ஐந்து பிள்ளைகளைப் பாட்டியிடம் அனுப்பினோம். மாமனார் பேர் என்ன, நிலம் எந்தப் பக்கம், பக்கத்தில் என்ன மரம், ஏரியா கிணறா, யார் கடைசியாக உழுதது என்று கேட்டு எழுதி வந்தார்கள். தெலுங்கில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதினார்கள். அந்த ஐந்து பேரில் அந்த ஆறாம் வகுப்புப் பெண்ணும் உண்டு, இப்போது அவள் எட்டாவது. நோட்டில் முதல் பக்கம் அமெரிக்கா, 1865. இரண்டாம் பக்கத்திலிருந்து பாட்டி. 'அ' பதிவேட்டின் பழைய நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதியிருக்கிறோம். பாட்டி கைநாட்டு வைத்திருக்கிறார். மனுவை எழுதியது பிள்ளைகள்தான், இரண்டு எழுத்துப்பிழை இருக்கிறது, நான் திருத்தவில்லை.

இங்கே வந்திருக்கும் தோழர்களில் வருவாய்த்துறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பேசுங்கள். சர்வே எண் கண்டுபிடிக்க உதவி வேண்டும். இன்றைக்கு நானும் சீக்கிரம் கிளம்ப வேண்டும். போடூர்பள்ளம் பக்கம் ஆனை இறங்கியிருப்பதாக வனத்துறைக்காரர்கள் மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள், பிள்ளைகள் திண்ணையில் காத்திருப்பார்கள்.